மெதுவான வீட்டுக் கணினி: ரீசெட்டா, ஃபார்மேட்டா, எஸ்.எஸ்.டி.யா?

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் கணினி மெதுவானால் முதலில் காதில் விழும் வார்த்தை "ஃபார்மேட் பண்ணிடுங்க" என்பதுதான். சில வீடுகளில் அதுவே சரியான மருந்து. பல வீடுகளில் இரண்டு வாரம் கழித்துக் கணினி பழையபடி தவழும். கூடவே கோயில் வரவு செலவுக் கணக்கும் பிள்ளையின் எஸ்.பி.எம். தேர்வுக் குறிப்புகளும் போயிருக்கும். ரீசெட் (விண்டோஸ் தன்னைத்தானே மறுபடி நிறுவிக்கொள்வது), ஃபார்மேட் (வட்டை அழித்துப் புதிதாக நிறுவுவது) இரண்டும் விண்டோஸை மட்டுமே புதுப்பிக்கின்றன. தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க், பற்றாத ரேம், தூசி அடைத்த விசிறி ஆகிய மூன்றும் அப்படியே இருக்கும். அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

கோளாறு எங்கே என்று பார்ப்பது

கணினியைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள்.

டிஸ்க் வரிசையில் 'எச்.டி.டி.' என்று எழுதியிருக்கிறதா, 'எஸ்.எஸ்.டி.' என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எஸ்.எஸ்.டி. என்றால் சுழலும் பாகம் இல்லாத சில்லு வட்டு. எச்.டி.டி. என்றால் உள்ளே தட்டு சுழல்கிறது. நீங்கள் ஒன்றுமே செய்யாதபோதும் அது 100 விழுக்காட்டில் நின்று, வேகம் மட்டும் வினாடிக்கு ஓரிரு எம்பி என்று காட்டினால் கோளாறு அங்கேதான். விண்டோஸ் 10, 11 இரண்டும் பின்னணியில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்துக்கொண்டே இருப்பவை. சுழலும் வட்டில் ஒவ்வொரு சிறு கோப்புக்கும் ஊசி இடம் மாறி இடம் போக வேண்டும். ரீசெட் செய்தாலும் ஊசி அதே வேகத்தில்தான் நகரும்.

அடுத்து மெமரி, அதாவது ரேம். 4 ஜிபி ரேமில் உலாவியில் பத்துப் பக்கங்களும் ஒரு காணொளி வகுப்பும் திறந்திருந்தால் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இடம் போதாதபோது விண்டோஸ் வட்டையே ரேம்போலப் பயன்படுத்தும். அந்த வட்டும் எச்.டி.டி. என்றால் இரட்டை அடி.

மூன்றாவது சி.பி.யு., கணினியின் மூளையான சில்லு. வேலை கூடும்போது வேகம் கூட வேண்டும். மாறாக 0.8 அல்லது 1 ஜிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி அங்கேயே நின்றால், பெரும்பாலும் சூடு தாங்காமல் சில்லு தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று பொருள். சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்த கணினிகளில் சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து விசிறி இதழில் பசைபோல ஒட்டிவிடும். மேசைக் கணினிக்குள் எறும்பு கூடு கட்டுவதும் நம் பக்கம் சாதாரணம். இதற்கு மருந்து மெல்லிய தூரிகையும் சில்லின் சூட்டைக் கடத்தும் புதிய தெர்மல் பேஸ்ட்டும்தான். விண்டோஸை மாற்றிப் பயனில்லை.

இந்த மூன்றும் சரியாக இருந்து, எஸ்.எஸ்.டி.யும் இருந்து, அப்போதும் கணினி தடுமாறினால், விளம்பரம் தானாக எழும்பினால், செட்டிங்ஸ் திறக்காமல் அடம் பிடித்தால், அப்டேட் ஒவ்வொரு முறையும் தோற்றால், அப்போதுதான் விண்டோஸைச் சந்தேகிக்க வேண்டும். ரீசெட்டுக்கு உரிய இடம் அது.

வட்டின் உடல்நிலையையும் ஒரு முறை பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் 'குட்', 'காஷன்', 'பேட்' என்று நிறத்தோடு சொல்லிவிடும். எச்.டி.டி.யில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளும் முக்கியம். கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள், மாற்றத்துக்குக் காத்திருப்பவை, படிக்கவே முடியாதவை ஆகியவற்றின் எண்ணிக்கை அங்கே தெரியும். சி5 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் அந்த வட்டில் ரீசெட் செய்யாதீர்கள். ரீசெட்டின்போது பல ஜிபி எழுதப்படும். உயிர் ஊசலாடும் வட்டு பாதி வழியில் நின்றால் விண்டோஸும் போகும், கோப்பும் போகும்.

ரீசெட்டுக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவை

குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து, புதிய பிரிண்டர் டிரைவரோ (கருவியை இயக்கும் மென்பொருள்) ஓர் அப்டேட்டோ வந்த பிறகு கோளாறு தொடங்கியிருந்தால் சிஸ்டம் ரீஸ்டோர் போதும். கோப்புகளைத் தொடாமல் அமைப்பை மட்டும் முந்தைய நாளுக்குக் கொண்டுபோகும். ஆனால் முன்பே ரீஸ்டோர் பாயிண்ட் பதிவாகியிருக்க வேண்டும். பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே கிடக்கிறது.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாதவற்றை முடக்குவது ஐந்து நிமிட வேலை. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். சி டிரைவில் 10 ஜிபிக்கும் குறைவாக இடம் இருந்தால் டவுன்லோட்ஸ் அடைசலை அகற்றுங்கள். இடம் இல்லாமல் அப்டேட்டும் ஓடாது, ரீசெட்டும் ஓடாது.

பலர் அறியாத நல்ல வழி ஒன்று இருக்கிறது. புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூஸிங் விண்டோஸ் அப்டேட்' என்று ஒரு பொத்தான் தெரியும். இது விண்டோஸை மேலேயே மறுபடி நிறுவும். கோப்பு, மென்பொருள், அமைப்பு எதுவும் போகாது. விண்டோஸ் 10 என்றால் நிறுவல் பென்டிரைவைச் செருகி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் உள்ள செட்டப்பை இயக்கினால் இதே பலன். கணக்கு மென்பொருளை மறுபடி நிறுவ உரிமக் குறியீடு கைவசம் இல்லாத வீட்டுக்கு ரீசெட்டைவிட இதுவே ஏற்றது. தீம்பொருள் புகுந்த கணினிக்கு மட்டும் ஏற்றதல்ல, ஏனென்றால் கேடு செய்யும் மென்பொருளும் அப்படியே தங்கிவிடும்.

கோப்புகளை எடுத்து வைப்பது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. 'கீப் மை ஃபைல்ஸ்' இருக்கிறதே என்று நம்பி இறங்குகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். அது உங்கள் பெயரில் உள்ள பயனர் கோப்புறையின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் முதலியவற்றைக் காக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள் எல்லாவற்றையும் நீக்கும். மென்பொருளின் உள் கோப்புறைகளில் இருக்கும் தரவைக் காக்கும் என்று சொல்ல முடியாது. பழைய கணக்கு மென்பொருள்கள் பல, தரவை சி டிரைவில் தனிக் கோப்புறையில் வைத்திருக்கும். மளிகைக் கடைக் கணக்கு, ஆலய நன்கொடைப் பட்டியல் எல்லாம் அங்கேதான். மென்பொருளிலேயே பேக்அப் என்று இருந்தால் அதை இயக்கி, வரும் கோப்பை வெளியே எடுத்து வையுங்கள்.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகளின் டெலிமா (பள்ளிக்கான இணையக் கற்றல் தளம்) கணக்குக் கடவுச்சொல் பலருக்கு நினைவில் இராது, உலாவிக்குத்தான் தெரியும். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இருக்கிறது என்று நினைக்கும் கோப்புகளையும் சரிபாருங்கள். இலவச இடம் 5 ஜிபிதான். நிறைந்துவிட்டால் புதிய கோப்புகள் மேலே ஏறுவதை நிறுத்திவிடும், ஆனால் டெஸ்க்டாப்பில் எல்லாம் இருப்பதுபோலவே தெரியும்.

தமிழர் வீடுகளுக்கே உரிய ஒன்று எழுத்துரு. ஆலயச் செயற்குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றின் பழைய கூட்டக் குறிப்புகள் பல யூனிகோடு வருவதற்கு முந்தைய குறியீடுகளில், பாமினி, டிஸ்கி போன்றவற்றில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு போய்விட்டால் ஆவணம் அப்படியே இருந்தும் திரையில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் இருக்கிறது. அங்கிருந்து நீங்கள் சேர்த்த தமிழ் எழுத்துருக்களை நகலெடுங்கள். சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பும் நேரத்தில் பழைய குறிப்பு தேவைப்படும். முடிந்தால் அவற்றை இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

வட்டு ஏற்கனவே நொண்டினால் நகலெடுக்கும் வரிசை முக்கியம். சிறிய, ஈடு செய்ய முடியாத கோப்புகள் முதலில், படங்கள் அடுத்து, திரைப்படங்கள் கடைசியில். நகலெடுத்து முடியும் வரை செக் டிஸ்க்கை ஓடவிடாதீர்கள். அது வட்டு முழுவதையும் மணிக்கணக்கில் வருத்தி எடுக்கும். நகல் முடிந்ததும் வெளி வட்டை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக பிட்லாக்கர். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பல, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தவுடன் வட்டைத் தானாகப் பூட்டிவிடுகின்றன. ரீசெட் பாதியில் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். கைப்பேசியில் அந்தக் கணக்கைத் திறந்து சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் கடைக்காரராலும் எதுவும் செய்ய முடியாது.

ரீசெட்: எதைத் தேர்ந்தெடுப்பது

ரெக்கவரி பக்கத்தில் இருக்கும் 'ரீசெட் திஸ் பிசி' இரண்டு கேள்வி கேட்கும். முதல் கேள்வி, கோப்புகளை வைப்பதா, எல்லாவற்றையும் நீக்குவதா. மெதுவாகிவிட்டது, தடுமாறுகிறது என்றால் 'கீப் மை ஃபைல்ஸ்' போதும். முடிந்ததும் நீக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் ஒன்று டெஸ்க்டாப்பில் இருக்கும். தீம்பொருள் புகுந்திருந்தாலோ, கணினியை வேறு ஒருவருக்குக் கொடுப்பதாக இருந்தாலோ 'ரிமூவ் எவ்ரிதிங்'. தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்குக் கொடுக்கும்போது அதற்குள் இருக்கும் 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் அடையாள அட்டைப் படத்தையும் வங்கி அறிக்கையையும் மீட்டெடுக்க முடியும். 1 டிபி எச்.டி.டி.யில் அது பல மணி நேரம் எடுக்கும், இரவு முழுக்க விட வேண்டியிருக்கும்.

இரண்டாம் கேள்வி, கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டாலா. லோக்கல் என்றால் வட்டில் இருக்கும் விண்டோஸ் கோப்புகளைக் கொண்டே கட்டும். அந்தக் கோப்புகளே கெட்டிருந்தால் கோளாறும் திரும்பி வரும். கிளவுட் என்றால் மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து புதிதாக இறக்கும், 4 ஜிபிக்குக் குறையாது. அதன் பின்னே அப்டேட் வேறு சில ஜிபி. யூனிஃபை அகன்ற அலைவரிசை இணையம் இருக்கும் வீட்டில் கிளவுட்டையே தேர்ந்தெடுங்கள். லயத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி, சமிக்ஞை ஒரு கோடு இரண்டு கோடாக ஆடும் இடம் என்றால் லோக்கல்தான் பாதுகாப்பு. பட்டணத்தில் நல்ல இணையம் உள்ள உறவினர் வீட்டுக்குக் கணினியைக் கொண்டுபோய்ச் செய்வது அதைவிட மேல்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு முடிவுதான். மேற்குக் கரையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வரும். ஏப்ரல், மே, மறுபடி அக்டோபர், நவம்பரில் அதிகம். யு.பி.எஸ். (மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி) இல்லாத மேசைக் கணினியில் ரீசெட்டைக் காலையில் தொடங்குங்கள். மின்சாரம் நடுவே போனால் விண்டோஸ் எழும்பாமல் நின்றுவிடலாம். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள். எஸ்.எஸ்.டி.யில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எச்.டி.டி.யில் மூன்று நான்கு மணியும் ஆகலாம். விழுக்காடு ஒரே எண்ணில் நீண்ட நேரம் நிற்பதைப் பார்த்துப் பதறி அணைத்துவிடாதீர்கள். வட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது.

விண்டோஸுக்குள் நுழையவே முடியாவிட்டால், தொடங்கும்போது பவர் பொத்தானை நீள அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை வரும். அங்கேயும் இதே ரீசெட் இருக்கிறது. 'எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்று ரீசெட் திரும்பி வந்துவிட்டால், இடம் போதவில்லை அல்லது மீட்புப் பகுதி கெட்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் வந்த பாதுகாப்பு அப்டேட் ஒன்று சில விண்டோஸ் பதிப்புகளில் ரீசெட்டையே முறித்துவிட்டது. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வாரத்தில் தனி அப்டேட் விட வேண்டியிருந்தது. ஆகவே தோல்வி உங்கள் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அப்டேட்டை முடித்துவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் தோற்றால் பென்டிரைவ் நிறுவல்தான்.

பென்டிரைவில் புதிதாக நிறுவுவது

நம் ஊர்க் கடைகளில் 'ஃபார்மேட்' என்று சொல்வது இதைத்தான். ரீசெட்டைவிட இது சுத்தமானது, ஏனென்றால் மடிக்கணினி நிறுவனம் திணித்த உபரி மென்பொருள்கூட மிஞ்சாது. தேவை: 8 ஜிபி பென்டிரைவ், வேறொரு நல்ல கணினி, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும்.

பென்டிரைவிலிருந்து தொடங்க, டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசஸ் மடிக்கணினியில் எஸ்கேப் விசை. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) அதை முதலில் இயக்க வேண்டியிருக்கும். உரிமக் குறியீடு (ப்ராடக்ட் கீ) கேட்டால் 'என்னிடம் இல்லை' என்பதை அழுத்திக் கடந்து, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். உரிமம் மதர்போர்டோடு இணைந்திருப்பதால் இணையம் கிடைத்ததும் தானாகச் செயல்படும். ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டால் செயல்படாது.

வட்டின் பகுதிகளை அழிக்கும் திரையில்தான் கை நடுங்க வேண்டும். இரண்டு வட்டு உள்ள கணினியில் மற்றொன்றின் கம்பியைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள். 11ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினி சிலவற்றில் அந்தத் திரையில் வட்டே தெரியாது. வட்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். வட்டைக் கண்டுகொள்ள உதவும் இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து முன்பே இறக்கிப் பென்டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும்.

இன்னொரு தடை வைஃபை. விண்டோஸ் 11 நிறுவலின்போதே இணையத்தையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கும். வைஃபை டிரைவர் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் 'யு.எஸ்.பி. டெதரிங்' வசதியை இயக்கினால் பெரும்பாலும் வழி திறந்துவிடும்.

எஸ்.எஸ்.டி.: காசு செலவழிக்கத் தகுந்தது

எச்.டி.டி. உள்ள கணினிக்கு ரீசெட் செய்வதைவிட எஸ்.எஸ்.டி. போட்டு அதில் புதிதாக நிறுவுவதே சிறந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து. சுழலும் வட்டு வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்குச் சுமார் 100 எம்பி தரும், சிதறிய சிறு கோப்புகளில் 1 எம்பிக்கும் கீழே விழும். சாதாரண சாட்டா (பழைய வகை வட்டு இணைப்பு) எஸ்.எஸ்.டி. வரிசையில் 500 எம்பி வரை தரும், சிறு கோப்புகளிலும் பல மடங்கு வேகம். கணினி எழும்ப ஐந்து நிமிடம் எடுத்தது அரை நிமிடத்துக்குள் வருவது இதனால்தான்.

வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளர் தளத்தில் வகையைப் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர் தடிமன் சாட்டா பொருந்தும். எம்.2 இடம் (பலகையில் நேரே செருகும் சிறு இடம்) இருந்தால் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ.யா என்று தெரிந்தாக வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலிருக்கும், மாற்றிப் போட்டால் கணினி கண்டுகொள்ளாது. 256 ஜிபி வீட்டு வேலைக்குப் போதும். ரேம் 4 ஜிபியாக இருந்தால் அப்போதே 8 ஆக்கிவிடுங்கள், மூடியைத் திறந்த வேலையோடு வேலை. ரேம் வகைகளான டி.டி.ஆர்.3எல், டி.டி.ஆர்.4 இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் பலகையிலேயே ஒட்டியிருக்கும், கூட்டவே முடியாது.

பழைய வட்டை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு குளோன் (முழு நகல்) செய்யலாம் என்று கடையில் சொல்வார்கள். மென்பொருள் எதையும் இழக்கக் கூடாதென்றால் சரி. கெட்டுப்போன விண்டோஸையும் சேர்த்தே குளோன் செய்வது வீண். கழற்றிய பழைய வட்டை யு.எஸ்.பி. உறையில் போட்டு ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். விட்டுப்போன கோப்பு ஏதாவது கட்டாயம் நினைவுக்கு வரும்.

விண்டோஸ் 10 கணினி என்றால்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதில் ரீசெட் செய்தால் மறுபடி அதே விண்டோஸ் 10 கிடைக்கும். வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (பாதுகாப்பான தொடக்கம்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு, பட்டியலில் உள்ள சி.பி.யு. ஆகியவை தேவை. பொதுவாக 8ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கு மேல். இல்லாத கணினியில் அதை வற்புறுத்தி ஏற்றும் குறுக்குவழிகளை வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். உலாவி, டெலிமா, காணொளி, கடிதம் தட்டச்சு இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் மின்ட் இலவசம், எஸ்.எஸ்.டி.யோடு சேர்ந்தால் பத்து வயதுக் கணினியிலும் நன்றாக ஓடும். விண்டோஸ் கணக்கு மென்பொருள் தேவைப்படும் கடைக்கு அது உதவாது.

நிறுவிய பின்

முதல் சில மணி நேரம் அப்டேட், டிரைவர், தேடல் அட்டவணை என்று கணினி மும்முரமாக இருக்கும். அந்த வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தமிழ் ஆவணங்களில் லதா எழுத்துரு மாறித் தெரிந்தால், செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் திறந்து தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 10 முதல் லதா இயல்பாக வருவதில்லை, நிர்மலாதான் வரும். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் மொழி அமைப்பிலேயே இருக்கின்றன, தனி மென்பொருள் தேவையில்லை.

கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்தெந்தக் கோப்புறைகளை நகலெடுப்பார்கள், உங்கள் கணினியின் சொந்த உரிமத்திலேயே விண்டோஸ் போடுவார்களா, கழற்றிய பழைய வட்டைத் திருப்பித் தருவார்களா. இரண்டாவதற்கு "ஆக்டிவேட் பண்ணித் தர்றோம்" என்று பதில் வந்தால், உரிமம் ஏற்கனவே இருக்கிறது, உடைக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கள்ள ஆக்டிவேஷன் கருவிகளோடு தீம்பொருளும் சேர்ந்து வருவது வழக்கம். கணினியைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் திறந்து 'டிஜிட்டல் லைசன்ஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.